நரம்புக்கலங்களும் மலையகம் கண்ட நஞ்சுகளும்

மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்புக்கலங்கள் இருக்கின்றன. அவற்றில் ஐந்தில் நான்கு பங்கு பிடரிப் பக்கத்துச் சிறுமூளைக்குள் அடங்கியவை. நினைப்புக்கும் பேச்சுக்கும் பெயர்பெற்ற பெருமூளைப் புறணியின் பங்கு 1,600 கோடி மட்டுமே. எண்ணிக்கையைக் கேட்டு வியப்பதோடு பலர் நின்றுவிடுகிறார்கள். ஆனால் நரம்புத் தொகுதியை விளங்கிக்கொள்ள எண்ணிக்கையைவிட வகைதான் முக்கியம். ஒரு நஞ்சு ஒருவகைக் கலத்தை முடக்கிவிட்டு, அதை ஒட்டியிருக்கும் வேறுவகைக் கலத்தைத் தொடாமலே போய்விடும். 1977-78 இல் இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் வயதுக்கு வந்த பெண்பிள்ளைகள் இருபதுக்கும் மேற்பட்டோரின் கால்கள் விழுந்துபோனது இந்த வகை வேறுபாட்டினால்தான். அந்த நிகழ்வை விளங்கிக்கொள்வதற்கு முதலில் கலத்தின் அமைப்பும் வேலையும் தெரியவேண்டும்.

நரம்புக்கலத்துக்குக் கலவுடல் ஒன்று உண்டு. கருவும் புரதம் ஆக்கும் பொறிகளும் அங்கேதான். கலவுடலிலிருந்து கிளைவிட்டுப் பரவும் குட்டை முளைகள் தென்டிரைட்டுகள். பிற கலங்களின் செய்திகளை வாங்குவது பெரும்பாலும் அவையே. செய்தியை வெளியே கொண்டுபோவது அக்சன் என்னும் ஒற்றை நெடுமுளை. இத்தாலியரான கமிலோ கொல்கி 1873 இல் கண்டுபிடித்த வெள்ளிச் சாயமுறை, நெருங்கிப் பின்னிக் கிடக்கும் கலங்களுள் ஒருசிலவற்றை மட்டும் கறுப்பாக்கிக் காட்டியது. அதே சாயத்தைக் கொண்டு ஸ்பெயினின் சந்தியாகோ ரமோன் இ கஹால் 1888 முதல் வரைந்த படங்கள், ஒவ்வொரு கலமும் தனித்தனி என்பதை நிறுவின. கொல்கி அதைக் கடைசிவரை ஒப்பவில்லை. எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிய ஒரே வலை என்பதே அவர் கட்சி. 1906 இல் நோபெல் பரிசு இருவருக்கும் சேர்த்தே வழங்கப்பட்டது. கொல்கி தம் பரிசுரையில் கஹாலின் கொள்கையை மறுத்தே பேசினார்.

ஓய்விலிருக்கும் நரம்புக்கலத்தின் உட்புறம் வெளிப்புறத்தைவிட ஏறத்தாழ 70 மில்லிவோல்ற்று எதிரேற்றம் கொண்டது. தூண்டல் ஒரு குறிப்பிட்ட எல்லையைத் தாண்டினால் மென்சவ்விலுள்ள வாயில்கள் திறந்து சோடியம் அயன்கள் உள்ளே பாய்கின்றன. ஒரு மில்லிசெக்கனுக்குள் உட்புறம் நேரேற்றமாகிவிடுகிறது. அடுத்துப் பொற்றாசியம் வெளியேறிப் பழைய நிலை திரும்புகிறது. இந்த மாற்றம் அக்சன் வழியே இடம் இடமாகத் தொடர்வதே நரம்புக் கணத்தாக்கம். ஹொட்கின், ஹக்ஸ்லி இருவரும் கணவாயின் தடித்த அக்சனில் அளந்து 1952 இல் இதற்குக் கணித வடிவம் தந்தார்கள். மயலின் உறை போர்த்த அக்சனில் கணத்தாக்கம் உறையின் இடைவெளிகளில் தாவித் தாவிச் செல்வதால் வேகம் கூடுகிறது. தடித்து உறையிட்ட இழைகளில் செக்கனுக்கு 100 மீற்றருக்கும் மேல். உறையில்லாத மெல்லிழைகளில் ஒரு மீற்றர் அளவுதான்.

பாடநூல்கள் நரம்புக்கலங்களை வடிவத்தால் பிரிப்பதுண்டு: பல முளை கொண்டவை, இரு முளை கொண்டவை, ஒரே தண்டாகப் புறப்பட்டு இரண்டாகப் பிரிபவை. பரீட்சைக்கு இது உதவும். உடலில் என்ன நடக்கிறது என்பதை அறிய, தொழிலால் பிரிப்பதே மேல். செய்தியை உள்ளே கொண்டுவருபவை புலன் நரம்புக்கலங்கள். தசைக்கும் சுரப்பிக்கும் கட்டளை கொண்டுசெல்பவை இயக்க நரம்புக்கலங்கள். இரண்டுக்கும் நடுவில் நின்று கூட்டியும் குறைத்தும் முடிவெடுப்பவை இடைநரம்புக்கலங்கள். மூளையில் மிகப் பெரும்பாலானவை இந்த மூன்றாம் வகை.

கேகாலை மாவட்டத்து அரநாயக்கப் பக்கத்துத் தோட்டங்களில் மழைக்காலத்தில் மலையேறுபவர் எவரும் அட்டைக்குத் தப்புவதில்லை. உப்பும் சவர்க்காரமும் பூசிக்கொண்டு போனாலும் பொழுது சாய்வதற்குள் காலில் ஒன்றாவது தொங்கும். இந்த மூன்று வகைகளையும் தெளிவாகக் காட்டித்தந்ததில் அறிவியல் அட்டைக்குப் பெரிய கடன்பட்டிருக்கிறது. ஆனால் மலைச்சரிவில் ஏறும் தரை அட்டை வேறு இனம். ஆய்வுகூடங்களில் பயன்பட்டது நீரில் வாழும் மருத்துவ அட்டை. அதன் உடல் நடுப்பகுதி நெடுக 21 நரம்புத்திரட்டுகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் சுமார் 400 கலங்கள். பெரிய கலங்களாகையால் நுணுக்குக்காட்டியில் ஒவ்வொன்றாக அடையாளம் காணலாம். ஒரு திரட்டில் இருக்கும் கலம் அடுத்த திரட்டிலும் அதே இடத்தில் இருக்கும்.

ஜோன் நிக்கல்ஸ், டெனிஸ் பெய்லர் இருவரும் 1968 இல் இத்திரட்டுகளில் மூன்றுவகைப் புலன்கலங்களைப் பிரித்துக் காட்டினார்கள். தோலை மெல்ல வருடினால் மட்டும் துடிப்பவை ஆறு. அழுத்தத்துக்குத் துடிப்பவை நான்கு. கிள்ளல், கிழிசல் போன்ற ஊறுக்குத் துடிப்பவை நான்கு. வருடலை அறியும் கலம் தொடுகை நீடித்தால் சீக்கிரமே அடங்கிவிடும். அழுத்தக் கலம் அழுத்தம் இருக்கும்வரை துடித்துக்கொண்டிருக்கும். தோலின் ஒரு பக்கத்தை அழுத்தினால் அப்பக்கத்து அழுத்தக் கலம் இடைநரம்புக்கலங்களைத் தூண்டும். அவை இயக்கக் கலங்களைத் தூண்டி அப்பக்கத் தசையைச் சுருக்கும், எதிர்ப்பக்கத்தைத் தளர்த்தும். அட்டை அழுத்திய இடத்திலிருந்து வளைந்து விலகிவிடுகிறது. ஒவ்வொரு திரட்டின் நடுவிலும் இரண்டு பெருங்கலங்கள் உண்டு. சுவீடனின் குஸ்தாவ் ரெட்சியுஸ் 1891 இல் விவரித்ததால் அவர் பெயராலேயே வழங்கும் அக்கலங்கள் செரொட்டோனினை வெளிவிட்டு முழு உடலின் செயல்நிலையையே மாற்றுகின்றன: அட்டை நீந்தத் தொடங்குவதற்கும் இரை தேடிக் கடிப்பதற்கும் செரொட்டோனின் துணைசெய்கிறது. புலன், இடை, இயக்கம், சுருதி மாற்றுவது என்று நான்கு பணிகளும் 400 கலங்களுக்குள் அடங்கிவிட்டன.

மனித உடலில் எண்ணிக்கை பெருகினாலும் ஒழுங்கு இதுவேதான். கொழுந்து எடுக்கும் பெண்ணின் பாதத்தில் முள் ஏறியவுடன் இருவகைப் புலன்கலங்கள் துடிக்கின்றன. மெல்லிய மயலின் உறை கொண்டவை செக்கனுக்கு 5 முதல் 30 மீற்றர் வேகத்தில் செய்தி அனுப்பும். உறையற்றவை அரை முதல் 2 மீற்றர் வேகம்தான். பாதத்திலிருந்து முண்ணாண் வரை தூரம் ஏறத்தாழ ஒரு மீற்றர். ஆகவே சுருக்கென்ற முதல் வலி ஐந்தில் ஒரு செக்கனுக்குள்ளேயே வந்துவிட, கடுகடுக்கும் இரண்டாம் வலி ஒரு செக்கன் கழித்து வந்து நெடுநேரம் நிற்கிறது. இந்தப் புலன்கலங்களின் கலவுடல்கள் முண்ணாணுக்குள் இல்லை. முள்ளந்தண்டின் இருபுறமும் உள்ள சிறு திரட்டுகளில் இருக்கின்றன. ஒரு முளை தோலுக்கும் இன்னொன்று முண்ணாணுக்கும் போகிறது.

வலியை மட்டும் புலன் என்று கொள்வது தவறு. கேகாலை மாவட்டம் இறப்பருக்குப் பெயர்போனது. பொழுது விடியும் முன்னரே பால் வெட்டப் போகிறவர் பட்டையைச் சீவும்போது, உள்ளே வளரும் படைக்கு மேல் ஒரு மில்லிமீற்றர் அளவே விடவேண்டும். ஆழம் போனால் மரம் காயப்படும், ஆழம் குறைந்தால் பால் குறையும். அரைவெளிச்சத்தில் அந்த அளவைக் காப்பது கண் அல்ல. தசைக்குள் கதிர்போல் கிடக்கும் நீட்சி உணரிகளும் மூட்டிலுள்ள உணரிகளும் கையின் நிலையை நொடிக்கு நொடி அறிவிக்கின்றன. அந்தச் செய்தி உடலின் மிக விரைந்த இழைகளில், செக்கனுக்கு 80 முதல் 120 மீற்றர் வேகத்தில் ஓடுகிறது.

முள் குத்திய கால் தானாக மடங்குவது தெறிவினை. மூளைக்குச் செய்தி எட்டும் முன்பே முண்ணாணில் முடிவு எடுக்கப்பட்டுவிடுகிறது. மடக்கும் தசையின் இயக்கக்கலம் தூண்டப்படும்போதே நீட்டும் தசையின் இயக்கக்கலம் அடக்கப்படவேண்டும். இல்லாவிட்டால் இரண்டும் இழுபறியில் நிற்கும். அடக்குவது தடுக்கும் இடைநரம்புக்கலங்களின் வேலை. மூளையில் அவை பெரும்பாலும் காபா என்னும் பொருளையும், முண்ணாணில் கிளைசீனையும் வெளிவிடுகின்றன. தூண்டுபவற்றின் முதன்மைப் பொருள் குளுட்டமேற்று.

தடுக்கும் கலங்கள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை எட்டிக்கொட்டை காட்டுகிறது. அதிலுள்ள ஸ்திரிக்னின், கிளைசீனின் ஏற்பியை அடைத்துவிடும். சிறு சத்தம் போதும். உடம்பெல்லாம் ஒரேயடியாக விறைத்து வில்லாக வளையும். ஏற்புவலியில் நடப்பதும் இதற்கு மிகவும் நெருங்கியது. காயத்தில் வளரும் கிருமியின் நஞ்சு இயக்கநரம்பு வழியாக முண்ணாணுக்கு ஏறி, அங்கிருந்து தடுக்கும் கலத்துக்குள் புகுந்து, கிளைசீனும் காபாவும் வெளிவராமல் செய்துவிடுகிறது. அந்த நோயில் தசையிலோ இயக்கக்கலத்திலோ பழுதில்லை. அவற்றைக் கட்டுப்படுத்திய கலமே வாயடைத்துப் போயிருக்கிறது. ஏற்புவலி என்ற பெயர் தசையின் இழுப்பைச் சொல்கிறது, நோயின் இருப்பிடம் வேறு.

இயக்கக் கலங்களில் மேல், கீழ் என்று இரு படிகள். பெருமூளைப் புறணியில் தொடங்கி முண்ணாண் வழியே இறங்குபவை மேல் இயக்கநரம்புக்கலங்கள். விளாதிமிர் பெட்ஸ் 1874 இல் விவரித்த பெருங்கலங்கள் இவற்றுட் சில. முண்ணாணிலிருந்து தசைக்குப் போவன கீழ் இயக்கநரம்புக்கலங்கள். கீழது அழிந்தால் தசை தளர்ந்து மெலியும், தெறிவினை மறையும். மேலது அழிந்தால் தசை விறைக்கும், தெறிவினை மிகும், பாதத்தின் அடியைக் கீறினால் பெருவிரல் மேல்நோக்கி நிமிரும். ஒரு சாவித்துண்டாலோ சிறு சுத்தியலாலோ வைத்தியர் செய்யும் இச்சோதனை, கேடு எந்தப் படியில் என்பதைப் படுக்கையருகிலேயே சொல்லிவிடும்.

சிறுமூளையின் புர்க்கின்சி கலங்கள் நேரடியாகக் கட்டளை இடுவதில்லை. ஒவ்வொன்றும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட இணைப்புகளை வாங்கி, அசைவின் அளவையும் நேரத்தையும் திருத்துகிறது. தேயிலைக் கொழுந்தை இரண்டு இலையும் மொட்டுமாக இரு கையாலும் கிள்ளித் தோளுக்கு மேலால் கூடைக்குள் போடும் வேகம் அங்கே பழகியதுதான். உள்ளுறுப்புகளுக்குப் போகும் தன்னாட்சி நரம்புகள் தனி அணி. அவை வழியில் ஒரு திரட்டில் கலம் மாறி இதயம், குடல், வியர்வைச் சுரப்பி ஆகியவற்றை அடைகின்றன. டோபமீன் போன்றவற்றை வெளிவிடும் சிறு தொகுதிகள் நடுமூளையில் உள்ளன. அவை குறைந்தால் பார்க்கின்சன் நோய்.

கலத்துக்கும் கலத்துக்கும் இடையே உள்ள நரம்பிணைப்பில், ஒரு மில்லிமீற்றரில் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு அளவான இடைவெளி இருக்கிறது. மின்தாக்கம் அங்கே நின்றுவிடும். அப்பால் செல்வது இரசாயனப் பொருள். ஒட்டோ லோவி 1921 இல் ஒரு தவளையின் இதயத்தை மெதுவாக்கும் நரம்பைத் தூண்டி, அதனைச் சூழ்ந்திருந்த திரவத்தை இன்னொரு இதயத்துக்குள் விட்டார். அதுவும் மெதுவாயிற்று. அந்தப் பொருள் அசற்றைல்கோலின். தசைக்கு இயக்கநரம்பு கட்டளை தருவதும் அதனால்தான். வேலை முடிந்த கணமே அதைச் சிதைக்க நொதியம் ஒன்று காத்திருக்கிறது. அதன் ஒரு மூலக்கூறு செக்கனுக்கு ஆயிரக்கணக்கான அசற்றைல்கோலின் மூலக்கூறுகளை உடைக்கும்.

ஒகனோபொஸ்பேற்று வகைப் பூச்சிமருந்துகள் அந்த நொதியத்தை முடக்குகின்றன. அசற்றைல்கோலின் தேங்குகிறது. முதல் நாளில் கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கும், எச்சிலும் சளியும் பெருகும், வயிறு போகும், நாடி தளரும், தசைகள் நெளியும். அத்திரோப்பீன் ஊசி சுரப்பியையும் இதயத்தையும் காக்கும். தசையிலுள்ள ஏற்பி வேறு இனம், அதன்மேல் அத்திரோப்பீனுக்கு அதிகாரமில்லை. இந்த வேறுபாட்டின் விலை இலங்கையில்தான் தெளிவாகக் காணப்பட்டது. பேராதனையின் நிமல் சேனாநாயக்கவும் லக்ஷ்மன் கரலியத்தவும் 1987 இல் வெளியிட்ட கட்டுரையில் பத்து நோயாளிகளை விவரித்தார்கள். முதல் நாள் ஆபத்து நீங்கிவிட்டது என்று தோன்றிய பின், நஞ்சருந்தி 24 முதல் 96 மணித்தியாலத்துக்குள் அவர்களுக்குத் தலையைத் தலையணையிலிருந்து தூக்க முடியாமல் போயிற்று. தோள், இடுப்புத் தசைகள் சோர்ந்தன. மூச்சுத் தசைகளும் தளர்ந்தன. பழுது நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்தில். செயற்கைச் சுவாசம் கொடுத்து நாட்களைக் கடத்தினால் பிழைக்கலாம். இடைநிலைக் கூட்டறிகுறி என்று அவர்கள் இட்ட பெயர் உலக மருத்துவ நூல்களில் நிலைத்துவிட்டது. தோட்டங்களில் புல்லுக்கு அடித்த பரகுவாற்றை இதோடு சேர்த்துப் பேசுவது வழக்கம். அது நரம்பு நஞ்சு அன்று, நுரையீரலைக் கெடுப்பது.

ஒகனோபொஸ்பேற்றின் மூன்றாம் முகம் இரண்டு மூன்று வாரம் பிந்தித் தோன்றும். 1977-78 இன் தோட்ட நோய் அதைச் சேர்ந்தது. வயதுக்கு வந்த பெண்பிள்ளைக்கு உடம்பு திடமாகட்டும் என்று நல்லெண்ணெய் கொடுப்பது மலையகக் குடும்பங்களின் நெடுநாள் வழக்கம். அப்படிக் கொடுத்த எண்ணெயில் திரைகிரெசில் பொஸ்பேற்று என்னும் ஒகனோபொஸ்பேற்று கலந்திருந்தது. மசகு எண்ணெயில் சேர்க்கும் இப்பொருள், முன்பு கனிய எண்ணெய் வைத்திருந்த கொள்கலங்களில் நல்லெண்ணெயை ஏற்றி வந்தபோது கலந்திருக்கவேண்டும் என்று சேனாநாயக்கவும் ஜெயரத்தினமும் 1981 இல் லான்செற் இதழில் எழுதினார்கள். வீட்டில் மற்றவர்கள் நலமாக இருக்க, சடங்கு முடிந்த பிள்ளை மட்டும் நடக்க முடியாமல் போனது ஏன் என்பதற்கு விடை அவளுக்குக் கொடுத்த எண்ணெயில் இருந்தது. நோயாளிகளின் வயதும் பாலும் வைத்தியர்களுக்குத் துப்பாயின.

எண்ணெய்மேல் உடனே ஐயம் எழாததற்கு உடலியல் காரணம் உண்டு. இந்த நஞ்சு அசற்றைல்கோலினை உடைக்கும் நொதியத்தைப் பெரிதாகத் தொடுவதில்லை. ஆகவே குடித்த அன்று எச்சில் வடிதலோ கண்மணி சுருங்குதலோ இல்லை. அது பிடிப்பது கலச்சவ்வுக் கொழுப்புகளைப் பேணும் வேறொரு நொதியத்தை. அதன் பெரும்பகுதி மீளாதபடி கட்டுண்டால், நாட்கள் கழித்து நீண்டு தடித்த அக்சன்கள் நுனியிலிருந்து சிதையத் தொடங்குகின்றன. அக்சனுக்கு வேண்டிய புரதமும் சவ்வும் கலவுடலில்தான் ஆகின்றன. விரைந்த சரக்கு நாளொன்றுக்கு 200 முதல் 400 மில்லிமீற்றர் நகரும், மெதுவானது ஒரு மில்லிமீற்றர் அளவே. ஒரே குழாயில் நீர் வரும் லய வீட்டு வரிசைகளில் அமுக்கம் குறைந்தால் கடைசி வீட்டுக்கே முதலில் நீர் நிற்பதுபோல, இடுப்பளவு முண்ணாணில் கலவுடலை வைத்துக்கொண்டு பாதத் தசைவரை ஒரு மீற்றர் நீளும் அக்சனின் நுனியே முதலில் வாடும். அதனால் கெண்டைக்கால் நோவும் பாத மதமதப்பும் முதலில். பிறகு பாதம் தொங்கிப்போய் நடையில் விரல் தரையை இழுக்கும். அதன்பின் கைவிரல்களின் சிறு தசைகள். கண்ணை அசைக்கும் நரம்பு குட்டை, அது தப்பிவிடும். பெருவிரலிலிருந்து பிடரிவரை செல்லும் தொடுகைக் கலம் நீளத்தில் எல்லாவற்றையும் விஞ்சியது, அதுவும் சேதப்படும். எனினும் நோயாளியிடம் மேலோங்கித் தெரிவது இயக்கக் குறைவே.

இந்த நஞ்சு உலகுக்குப் புதிதன்று. 1930 இல் அமெரிக்காவில் இஞ்சிச் சாறு என்று விற்ற மதுவில் இதைக் கலந்ததால் பல்லாயிரவரின் கால்கள் செயலிழந்தன. 1959 இல் மொரோக்கோவின் மெக்னெஸ் பக்கத்தில் விமான இயந்திர எண்ணெயைச் சமையல் எண்ணெயோடு கலந்து விற்றதில் ஏறத்தாழ 10,000 பேர் பாதிக்கப்பட்டார்கள். அங்கெல்லாம் இலாபத்துக்காகக் கலந்தார்கள். இலங்கையில் முன்பு கனிய எண்ணெய் இருந்த கொள்கலமே போதுமாயிற்று போலும்.

சேனாநாயக்க இப்பிள்ளைகளுட் சிலரை மூன்று ஆண்டு தொடர்ந்து கவனித்தும், நரம்பின் மின்கடத்தலை அளந்தும் 1981 இல் தனிக்கட்டுரை எழுதினார். இந்த நோயில் பார்க்கவேண்டியது காலத்தோடு வகை மாறித் தெரிவதை. வெளிநரம்பின் அக்சன் முறிந்தாலும் கலவுடல் உயிரோடிருந்தால், மயலின் சுற்றிய சுவான் கலங்களின் பழைய வழித்தடத்தில் நாளொன்றுக்குச் சுமார் ஒரு மில்லிமீற்றர் வளர்ந்து திரும்பும். பாதம் வரையுள்ள தூரத்துக்கு அது இரண்டு மூன்று ஆண்டுக் கணக்கு. முண்ணாணுக்குள்ளோ மயலினை அமைப்பவை வேறு கலங்கள். அவை அக்சனின் மீள்வளர்ச்சிக்கு இடம் கொடுப்பதில்லை. மேல் இயக்கநரம்புக்கலத்தின் சேதம் தொடக்கத்திலேயே நேர்ந்துவிடுகிறது; ஆயினும் கீழது செயலிழந்து தசை தளர்ந்திருக்கும்வரை அதைக் காட்ட வழியில்லை. கீழது மீண்டு தசைக்கு உயிர் வரவர, முழங்கால் தெறிவினை மிகுந்து, கால் விறைத்து, அடியைக் கீறினால் பெருவிரல் நிமிர்கிறது. புதிதாக நோய் வந்ததாக வீட்டார் எண்ணக்கூடும். வெளிநரம்பு குணமாவதாலேயே உள்ளே இருந்த பழைய சேதம் இப்போது கண்ணுக்குத் தெரிகிறது. அந்த விறைப்பு பெரும்பாலும் நிலைத்துவிடுவது. நடைப்பயிற்சியும் பாதத்தைத் தாங்கும் கட்டும் அதற்கான சிகிச்சை.